சனிக்கிழமை வரும் தாத்தா

1966-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. சனிக்கிழமை. மாலை நேரம்.

இங்கிலாந்தில் லட்சக்கணக்கான வீடுகளில் குழந்தைகள் டெலிவிஷன் பெட்டி முன்னால் கூடியிருந்தார்கள். கறுப்பு-வெள்ளைப் படம். அதில் ஒரு கிழவர். பிடரியில் புரளும் வெள்ளை முடி. நீண்ட கறுப்புக் கோட்டு. அவர் தள்ளாடித் தள்ளாடித் தன் விண்வெளி வண்டிக்குள் போனார். தரையில் சாய்ந்தார். முகத்தின் மேல் வெளிச்சம் பரவியது. வெளிச்சம் அடங்கியது. அங்கே கிடந்தவர் அந்தக் கிழவர் அல்ல. வேறு ஒரு மனிதர்!

குழந்தைகள் திடுக்கிட்டார்கள். மூன்று வருடமாகச் சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தாத்தா எங்கே? யார் இந்தப் புது ஆள்?

கதையில் அந்தத் தாத்தாவின் பெயர் யாருக்கும் தெரியாது. "டாக்டர்" என்று மட்டும் கூப்பிடுவார்கள். அதனால்தான் தொடரின் பெயரே "டாக்டர் ஹூ". எந்த டாக்டர், யார் அந்த டாக்டர் என்று அர்த்தம். அந்த வேஷத்தை முதன்முதலில் போட்டவர் வில்லியம் ஹார்ட்னல். உலகத்தில் மிக நீண்ட காலம் நடந்த விஞ்ஞான டெலிவிஷன் தொடர்களில் அது ஒன்று.

ஹார்ட்னலின் சொந்தக் கதை, அவர் நடித்த கதையைவிட உருக்கமானது.

தகப்பன் பெயர் இல்லை

ஹார்ட்னல் 1908-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி லண்டன் நகரில் செயிண்ட் பாங்க்ராஸ் பகுதியில் பிறந்தார். தாயார் பெயர் லூசி. லூசிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பெரியவர் ஆனபிறகு தகப்பனைத் தேடிப் பார்த்தார். கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது பெரிய அவமானம். ஊர் வாய்க்குப் பயந்து பல தாய்மார்கள் பிள்ளையை வேறு வீட்டில் வளரக் கொடுத்து விடுவார்கள். ஹார்ட்னலும் சில காலம் ஒரு வளர்ப்புத் தாயிடம் இருந்தார். விடுமுறை நாட்களில் டெவன் என்ற கிராமப்புறப் பகுதிக்குப் போவார். அங்கே அவருடைய தாய்வழிச் சொந்தக்காரர்கள் விவசாயம் செய்துவந்தார்கள். அங்கேதான் குதிரை ஏறக் கற்றுக்கொண்டார்.

பிற்காலத்தில் பேர் எடுத்தபிறகு, நிருபர்கள் அவருடைய பூர்வீகத்தைக் கேட்பார்கள். டெவன் பகுதியில் பழைய விவசாயக் குடும்பத்தில் பிறந்ததாகச் சொல்லிவிடுவார். அது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

படிப்பும் ஏறவில்லை. தெருவில் திரிந்தான் பையன். சின்னச் சின்னக் குற்றங்களிலும் கை வைத்தான். அப்படியே விட்டிருந்தால் ஜெயிலுக்குப் போயிருப்பான்.

கைகொடுத்த ஓவியப் பித்தர்

பையனுக்கு 14 வயது. குத்துச்சண்டை கற்றுத்தரும் ஒரு சிறுவர் சங்கத்துக்குப் போய்வந்தான். அங்கே அவனை ஒருவர் பார்த்தார். அவர் பெயர் ஹியூ பிளேக்கர். பழைய ஓவியங்களை வாங்கிச் சேர்ப்பவர். லியனார்டோ டாவின்சியின் மோனாலிசா ஓவியத்தைப் போலவே இன்னொரு மோனாலிசா படத்தைக் கண்டெடுத்து வைத்திருந்தவர் இவர்தான். அதையும் டாவின்சியே வரைந்தார் என்று நம்பியவர். யாரும் திரும்பிப் பாராத படத்தில் மதிப்பைப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது.

அந்தக் கண் பையன் மேலும் விழுந்தது. பிளேக்கர் அவனுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் நின்றார். குதிரைப் பந்தய ஜாக்கி ஆக ஏற்பாடு செய்தார். நடிப்புப் பள்ளியிலும் சேர்த்துவிட்டார். குதிரையைவிட நாடகம்தான் பையனுக்குப் பிடித்தது.

1925-ல் சர் பிராங்க் பென்சன் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார் ஹார்ட்னல். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஊர் ஊராக நடத்திய கம்பெனி அது. முதலில் மேடைக்குப் பின்னால் எடுபிடி வேலை. பிறகு சில்லறை வேஷங்கள். 1929-ல் ஹெதர் மெக்கின்டயர் என்ற நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது.

1932 முதல் சினிமாவில் நடித்தார். ஆரம்பத்தில் சிரிப்பு வேஷங்கள்தான் அதிகம். பெரிய பேர் வரவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. டாங்கிப் படையில் சேர்ந்தார். பதினெட்டு மாதம்தான். நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

யுத்தத்தில் நிலைக்க முடியாத அவரைச் சினிமா என்ன செய்தது தெரியுமா? சார்ஜண்டு ஆக்கியது! 1944-ல் கரோல் ரீடு எடுத்த "தி வே அகெட்" படத்தில் அவருக்குக் கண்டிப்பான சார்ஜண்டு வேஷம். பிரமாதமாக நடித்தார். அதோடு சரி. முறைத்துப் பார்க்கும் சார்ஜண்டு, போலீஸ்காரன், முரடன் - இப்படியே வேஷங்கள் வந்தன. "பிரைட்டன் ராக்" படத்தில் ரவுடிக் கும்பலில் ஒருவன். 1957-ல் தொடங்கிய "தி ஆர்மி கேம்" என்ற டெலிவிஷன் தொடரில் சார்ஜண்டு-மேஜர். 1958-ல் "கேரி ஆன் சார்ஜண்டு" சிரிப்புப் படத்தில் மறுபடியும் சார்ஜண்டு.

அவர் வாயைத் திறந்தால் அதட்டல்தான் வரும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. இனி என்ன புது வேஷம் வரப் போகிறது என்று அவரும் சலித்துப் போயிருந்தார்.

மருமகன் கொண்டுவந்த செய்தி

1963-ம் ஆண்டு. பி.பி.சி. டெலிவிஷனில் நாடகப் பிரிவின் தலைவராக இருந்தவர் சிட்னி நியூமன். கனடாக்காரர். சனிக்கிழமை மாலையில் விளையாட்டு நிகழ்ச்சிக்கும் பாட்டு நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒரு தொடர் போட வேண்டும் என்று நினைத்தார். குழந்தைகளும் பார்க்க வேண்டும், பெற்றோரும் எழுந்து போகக் கூடாது. காலத்தில் முன்னும் பின்னும் போகிற ஒரு கிழவரின் கதை உருவானது.

தயாரிக்கும் பொறுப்பு வெரிட்டி லாம்பர்ட் என்ற 27 வயதுப் பெண்ணிடம் கொடுக்கப்பட்டது. அந்த நாளில் பி.பி.சி. நாடகப் பிரிவில் பெண் தயாரிப்பாளர் அவர் ஒருவர்தான். முதல் கதையின் டைரக்டர் வாரிஸ் ஹுசேன். நம் நாட்டு லக்னோ நகரில் பிறந்தவர். அவருக்கு 24 வயது.

இந்த இரண்டு இளையவர்களும் ஒரு கிழவரைத் தேடினார்கள். அந்த வருடம் வெளிவந்த "திஸ் ஸ்போர்ட்டிங் லைப்" படத்தில் ஹார்ட்னல் ஒரு சிறு வேஷத்தில் வந்தார். ரக்பி ஆட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருகிற, தோற்றுப்போன கிழவர் வேஷம். சார்ஜண்டு முறைப்பு எதுவும் இல்லை. கண்ணில் ஏக்கம். லாம்பர்ட் அதைக் கவனித்தார். இவர்தான் டாக்டர் என்று முடிவு செய்துவிட்டார்.

ஹார்ட்னலின் ஏஜெண்டு யார்? அவருடைய மகளைக் கட்டிய மருமகனேதான். மருமகன் செய்தியைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தொடரில் கிழவன் வேஷமா என்று மாமனார் முதலில் தயங்கினார். பிறகு லாம்பர்ட்டும் ஹுசேனும் நேரில் வந்து பேசினார்கள். கதையைக் கேட்கக் கேட்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. அவருக்கு அப்போது 55 வயது. வெள்ளை டோப்பாவை மாட்டிக்கொண்டு கிழவர் ஆனார்.

நீலப் பெட்டி

கதை இதுதான். லண்டனில் சூசன் என்று ஒரு பள்ளிக்கூடப் பெண். சில விஷயங்களில் மகா புத்திசாலி. சில சாதாரண விஷயங்கள் தெரியாது. அயன், பார்பரா என்ற இரண்டு ஆசிரியர்கள் சந்தேகப்பட்டு, அவள் வீடு எங்கே என்று பின்தொடர்ந்து போகிறார்கள். அவள் ஒரு பழைய சாமான் கிடங்குக்குள் நுழைகிறாள். அங்கே ஒரு போலீஸ் பெட்டி நிற்கிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் தெரு முனைகளில் போலீசுக்குப் போன் செய்ய இப்படிப்பட்ட நீலப் பெட்டிகள் இருந்தன. அதற்குள் நுழைந்தால்... உள்ளே பெரிய அறை! வெளியே சிறிது, உள்ளே பெரிது! அது காலத்திலும் விண்வெளியிலும் பறக்கிற வண்டி. பெயர் "டார்டிஸ்". அதன் சொந்தக்காரர்தான் சூசனின் தாத்தா, டாக்டர்.

முதல் பகுதி 1963 நவம்பர் 23-ந் தேதி ஒளிபரப்பானது. எப்பேர்ப்பட்ட நாள்! அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே துக்கத்தில் இருந்தது. புதுத் தொடரை யார் கவனிப்பார்கள்? சுமார் 44 லட்சம் பேர்தான் பார்த்தார்கள். அடுத்த வாரம் அதே பகுதியை மறுபடி போட்டுவிட்டு, பிறகு இரண்டாவது பகுதியைப் போட்டார்கள்.

தொடரைத் தூக்கி நிறுத்தியவை "டாலெக்" என்ற யந்திர அரக்கர்கள். மிளகுப்பொடிக் குப்பியைப் பெரிதாக்கியது போன்ற உருவம். கையும் இல்லை, காலும் இல்லை. ஒரு தடியும் ஒரு துப்பாக்கியும் நீட்டிக்கொண்டு இருக்கும். கரகரத்த குரல். பூதங்களே தொடரில் வரக் கூடாது என்று சிட்னி நியூமன் சொல்லியிருந்தார். டாலெக்கைக் கண்டு அவருக்குக் கோபம். ஆனால் டிசம்பர் 21-ந் தேதி பகுதியின் கடைசியில் டாலெக்கின் தடி மட்டும் தெரிந்தது. பார்பரா வீரிட்டு அலறினாள். அதோடு அன்றைய கதை முடிந்தது. முழு உருவத்தைப் பார்க்க ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். குழந்தைகள் எப்படித் துடித்திருப்பார்கள்! அந்தக் கதை முடியும்போது பார்த்தவர் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. 1965 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியை 1 கோடியே 35 லட்சம் பேர் பார்த்தார்கள்.

பள்ளிக்கூட மைதானங்களில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு டாலெக் மாதிரி விறைப்பாக நடந்தார்கள். சனிக்கிழமை வந்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள். பயமும் வேண்டும். பயத்தைத் தீர்க்க ஒரு தாத்தாவும் வேண்டும்.

பித்தான் மாறக் கூடாது!

ஆரம்பத்தில் டாக்டர் நல்லவராக இல்லை. சிடுசிடுப்பு. சுயநலம். இரண்டு ஆசிரியர்களையும் அவர்கள் சம்மதம் இல்லாமலே வண்டியில் கொண்டுபோய்விடுகிறார். முதல் முறை படம் எடுத்தபோது இன்னும் கொடுமையாக இருந்தது. நியூமன் அதைப் பார்த்துவிட்டு, திரும்ப எடுக்கச் சொன்னார்.

வாரங்கள் போகப் போக டாக்டர் இளகினார். சிரிப்பு வந்தது. குறும்பு வந்தது. கதை எழுதியவர்களுக்கு இதில் பங்கு உண்டு. ஹார்ட்னலின் மனசுக்கும் பங்கு உண்டு. ஏறக்குறைய இருபது வருடம் அதட்டியே சம்பாதித்தவர், குழந்தைகள் தன்னைப் பார்த்து ஓடிவருவதை முதன்முதலாகக் கண்டார். கண்காட்சிகளையும் விழாக்களையும் திறந்து வைக்கக் கூப்பிடுவார்கள். டாக்டர் உடையிலேயே போவார். பிள்ளைகள் வால் பிடித்தது போல் பின்னாலேயே வருவார்கள். அவர்களுக்கு ஹார்ட்னல் யார் என்றே தெரியாது. அவர் டாக்டர். அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கையை அவர் விளையாட்டாக நினைக்கவில்லை. டார்டிஸ் வண்டிக்குள் ஒரு மேஜை உண்டு. அதன் மேல் நிறையப் பித்தான்கள், விசைகள். எல்லாம் மரமும் பிளாஸ்டிக்கும்தான். எதை அழுத்தினாலும் ஒன்றுதான். ஆனால் ஹார்ட்னல் ஒப்புக்கொள்ள மாட்டார். இந்த விசை கதவைத் திறப்பதற்கு என்றால், எல்லா வாரமும் அதே விசைதான் கதவைத் திறக்க வேண்டும். புது டைரக்டர் யாராவது வந்து வேறு பித்தானைக் காட்டினால் சண்டைக்குப் போவார். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள், குழந்தைகள் கவனிப்பார்கள் என்பது அவர் கட்சி. அவர் சொன்னது உண்மை. அப்படிக் கவனித்த குழந்தைகள்தான் பிறகு அந்தத் தொடரை வாழவைத்தார்கள்.

வேலை லேசானது அல்ல. வருடத்தில் நாற்பது வாரத்துக்கு மேல் கூட நடிக்க வேண்டியிருந்தது. வாரம் முழுவதும் ஒத்திகை. ஒருநாள் சாயங்காலம் மேடை நாடகம் போல ஏறக்குறைய நிற்காமல் பதிவு. தப்பு நேர்ந்தால் திரும்ப எடுப்பது செலவு. அதனால் ஹார்ட்னல் வசனத்தில் தடுமாறினாலும் அப்படியே போய்விடும். வார்த்தையை மாற்றிச் சொல்வார். பாதியில் நிறுத்துவார். குழந்தைகளுக்கு அதுவும் பிடித்தது. மறதிக்காரத் தாத்தா என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அது நடிப்பு மட்டும் அல்ல, நோயும்கூட என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிரிந்து போனவர்கள்

1964 டிசம்பர் 26-ந் தேதி வந்த பகுதி, பார்த்தவர்களை அழவைத்தது. சூசன் பூமியில் ஒரு வாலிபனைக் காதலிக்கிறாள். ஆனால் கிழவரைத் தனியே விட மனம் இல்லை. டாக்டர் என்ன செய்கிறார்? சூசன் வெளியே நிற்கும்போது வண்டிக் கதவை உள்ளே இருந்து பூட்டிவிடுகிறார். பேத்திக்கு ஒரு வாழ்வு அமையட்டும் என்று அந்த முடிவு. ஒருநாள் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

சூசனாக நடித்த கரோல் ஆன் போர்டு தொடரைவிட்டு விலகினார். அதற்காக எழுதிய காட்சி அது. ஆனால் ஹார்ட்னல் முகத்தில் தெரிந்த துயரம் இரவல் வாங்கியது போல் இல்லை. 1965 ஜூன் மாதம் அயனும் பார்பராவும் கதையைவிட்டுப் போனார்கள். அந்த வருடமே லாம்பர்ட்டும் வேறு வேலைக்குப் போனார். முதல் நாள் கூட இருந்தவர்களில் மிஞ்சியது ஹார்ட்னல் ஒருவர்தான்.

அந்த வருடம் டாலெக் கதை சினிமாவாக வந்தது. அதில் டாக்டர் வேஷம் பீட்டர் குஷிங் என்ற வேறு நடிகருக்குப் போனது. ஹார்ட்னலுக்கு அது பெரிய மனக்குறை. 1965 கிறிஸ்துமஸ் நாளும் சனிக்கிழமையாக வந்தது. அன்று ஒளிபரப்பான பகுதியின் முடிவில் அவர் கதையை மறந்தவர் போலக் காமிராவை நேராகப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு வாழ்த்துச் சொன்னார். விண்வெளிக் கதைக்குப் பொருந்தாத காரியம்தான். தாத்தாவுக்குப் பொருந்தும்.

அவரிடம் குறைகளும் உண்டு. முன்கோபி. பிடிவாதக்காரர். சில விஷயங்களில் குறுகிய மனம் படைத்தவர். கூட நடித்தவர்களில் அவரை நேசித்தவர்களும் உண்டு, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவருடைய பேத்தி ஜெசிகா கார்னி 1996-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இதை எல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

புதிதாக வந்த தயாரிப்பாளர்களுடன் ஒத்துப் போகவில்லை. உடம்பும் கெட்டது. இரத்தக் குழாய்கள் தடித்து இறுகுகிற நோய். அது ஞாபகத்தைத் தின்றது. வசனம் நிற்கவில்லை. 1966-ல் விலகுவது என்று முடிவானது.

பிற்பாடு 1968-ல் ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதத்தில் ஹார்ட்னல் வேறு காரணம் சொன்னார். கதைகள் விஷயத்தில் கருத்து வேற்றுமை. கதையில் கொடுமை அதிகமாகிவிட்டது. குழந்தைகள் நிகழ்ச்சியாகவே அது இருக்க வேண்டும் என்று தான் விரும்பியதாக எழுதினார். நோயைப் பற்றிச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும்.

மோதிரம் நழுவியது

நடிகர் போனால் வேறு நடிகரைப் போடலாம். ஆனால் டாக்டர் போனால்? பி.பி.சி.க்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். டாக்டர் பூமியில் பிறந்த மனிதர் அல்லவே! உடம்பு தேய்ந்தால் அவரால் புது உடம்பு எடுக்க முடியும் என்று கதை கட்டினார்கள். கூடு விட்டுக் கூடு பாய்வது போல, ஆள் அதே ஆள், உடம்பு மட்டும் வேறு. பாட்ரிக் டிரவுட்டன் என்ற நடிகர் புது டாக்டர் ஆனார்.

குழந்தைகள் ஒப்புக்கொள்வார்களா? அந்தச் சந்தேகத்தைக் கதைக்குள்ளேயே வைத்தார்கள். அப்போது டாக்டருடன் பயணம் செய்தவர்கள் பென் என்ற கப்பல்காரனும் போலி என்ற பெண்ணும். இவர்தான் டாக்டர் என்று போலி நம்புகிறாள். பென் நம்ப மறுக்கிறான். பழைய டாக்டரின் மோதிரத்தை எடுத்துப் புது ஆள் விரலில் போட்டுப் பார்க்கிறான். மோதிரம் பொருந்தவில்லை. கணையாழியைக் காட்டித்தான் அனுமான் சீதையை நம்பவைத்தான். இங்கே மோதிரமே கைவிட்டுவிட்டது! கடைசியில் ஒரு டாலெக் புது டாக்டரை அடையாளம் கண்டுகொள்கிறது. நண்பன் அறியாததைப் பகைவன் அறிந்தான்.

ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. பழைய தாத்தாதான் வேண்டும் என்றார்கள். மெள்ள மெள்ளப் புதியவரையும் ஏற்றுக்கொண்டார்கள். தொடர் பிழைத்தது. டிரவுட்டனுக்குப் பிறகு ஜான் பெர்ட்வி வந்தார். அவருக்குப் பிறகும் பலர் வந்தார்கள்.

அந்த வெற்றி ஹார்ட்னலுக்கு எப்படி இருந்திருக்கும்? குழந்தைகள் நேசித்தது தன்னையா, டாக்டரையா? அவர் வீட்டில் இருந்தார். டாக்டரோ சனிக்கிழமை தோறும் வேறு முகத்தோடு வந்துகொண்டே இருந்தார்.

1966 கிறிஸ்துமஸ் சமயம் "பூட்ஸ் போட்ட பூனை" என்ற குழந்தைகள் நாடகத்தில் செருப்புத் தைக்கிறவராக நடித்தார். பிறகு டெலிவிஷனில் இரண்டொரு வேஷங்கள். நோய் முற்றியது.

கடைசியாக ஒரு முறை

1972. தொடருக்குப் பத்தாவது ஆண்டு நெருங்கியது. மூன்று டாக்டர்களையும் ஒரே கதையில் சேர்க்கத் தயாரிப்பாளர் பாரி லெட்ஸ் ஆசைப்பட்டார். ஹார்ட்னலுக்குப் போன் செய்தார். அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். சில நாள் கழித்து மனைவி ஹெதரிடம் இருந்து போன் வந்தது. கணவர் பழையபடி இல்லை, சில நாள் தெளிவாக இருப்பார், சில நாள் ஒன்றும் நினைவிருக்காது என்றார் அவர்.

வேறு தயாரிப்பாளராக இருந்தால் வேஷத்தை வெட்டியிருப்பார். லெட்ஸ் வெட்டவில்லை. கதையை மாற்றி எழுதச் சொன்னார். முதல் டாக்டர் ஒரு கூண்டில் மாட்டிக்கொண்டு, திரையில் மட்டும் தோன்றி, மற்ற இருவருக்கும் புத்தி சொல்கிறார் என்று மாற்றினார்கள். ஹார்ட்னலை உட்கார வைத்தார்கள். வசனத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி எதிரே பிடித்தார்கள். அவர் அதைப் படித்து நடித்தார். உடல் மெலிந்திருந்தது. ஆனால் மற்ற இரண்டு டாக்டர்களையும் கடிந்துகொள்ளும்போது அந்தப் பழைய அதட்டல் குரலில் இருந்தது. 1972 டிசம்பர் 30-ந் தேதி அந்தக் கதை தொடங்கியது. அதுவே அவருடைய கடைசி நடிப்பு.

1974 டிசம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். வீடு திரும்பவில்லை. 1975-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி தூக்கத்திலேயே இதயம் நின்று உயிர் பிரிந்தது. வயது 67. ஏப்ரல் 23 ஷேக்ஸ்பியர் இறந்த தேதியும்கூட. ஷேக்ஸ்பியர் நாடகக் கம்பெனியில் எடுபிடியாகத் தொடங்கிய வாழ்க்கை அது.

அழித்தவர்களும் காத்தவர்களும்

அவர் இறந்த அடுத்த வருடம், 1976-ல், ரசிகர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பழைய படங்களில் பலவற்றை பி.பி.சி. அழித்துவிட்டது! டேப் விலை அதிகம். ஒன்றை அழித்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்வார்கள். இடத்தை அடைக்கிறது என்று பிலிம் சுருள்களையும் தூக்கி எறிந்தார்கள். ஹார்ட்னல், டிரவுட்டன் காலத்துப் பகுதிகள் தொண்ணூறுக்கு மேல் காணாமல் போயின. தாத்தா விழுந்து முகம் மாறிய அந்தக் கடைசிப் பகுதியும் போயிற்று. 1973-ல் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியில் அந்த முகம் மாறும் காட்சியை எடுத்துப் போட்டார்கள். அதனால் அந்தச் சில நொடிகள் மட்டும் தப்பின.

ஆனால் குரல்கள் அழியவில்லை! எப்படி? 1960-களில் வீட்டில் படத்தைப் பதிவு செய்யும் கருவி சாதாரண ஜனங்களிடம் கிடையாது. ஒலியைப் பதிவு செய்யும் டேப் ரிக்கார்டர் சில வீடுகளில் இருந்தது. டாக்டர் மேல் பித்துப்பிடித்த சில இளைஞர்கள், டெலிவிஷன் பக்கத்தில் அதை வைத்துச் சனிக்கிழமை தோறும் பதிவு செய்தார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் செய்யவில்லை. தனித்தனியாகச் செய்தார்கள். கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், காணாமல் போன ஒவ்வொரு பகுதிக்கும் ஒலி இருந்தது! கோடிப் பணம் புரளும் ஸ்தாபனம் தொலைத்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள்.

வேறு பல நாடுகளுக்கு விற்ற பிலிம்களைத் தேடியும் ரசிகர்கள் அலைந்தார்கள். சில கிடைத்தன.

ஸ்காட்லாந்தில் ஒரு பையன். தொடர் தொடங்கியபோது ஐந்து வயது. 1974-ல், 15 வயதில், டாக்டர் ஹூவைப் புகழ்ந்து "ரேடியோ டைம்ஸ்" பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். அது அச்சாகி வந்தது. அவன் பெயர் பீட்டர் கபால்டி. வளர்ந்து நடிகர் ஆனார். 2013-ல் அவரே டாக்டர் ஆனார்!

தொடர் 1989-ல் நின்றது. 2005-ல் மறுபடி தொடங்கியது. 2013-ல் ஐம்பதாவது ஆண்டு விழா. அப்போது ஹார்ட்னலின் வாழ்க்கையையே பி.பி.சி. படமாக எடுத்தது. டேவிட் பிராட்லி ஹார்ட்னலாக நடித்தார். எழுதியவர் மார்க் காட்டிஸ். அவரும் சிறுவயது முதல் இந்தத் தொடரின் ரசிகர். 2017-ல் கபால்டி நடித்த கடைசிக் கதையில், பிராட்லி முதல் டாக்டராகவே வந்தார். கடிதம் எழுதிய பையனும் முதல் டாக்டரும் ஒரே காட்சியில் பனியில் நடந்தார்கள்.

இன்னும் ஒரு பாக்கி இருந்தது. பேத்தி சூசனிடம் திரும்பி வருவதாகத் தாத்தா கொடுத்த வாக்கு. 1983-ல் வந்த சிறப்புப் படம், ஹார்ட்னல் அந்த வாக்கைச் சொல்லும் பழைய காட்சியோடுதான் தொடங்கியது. அதில் ரிச்சர்ட் ஹர்ண்டால் என்ற நடிகர் முதல் டாக்டராக நடித்தார். சூசனும் வந்தாள். ஆனாலும் ரசிகர்களுக்குத் திருப்தி இல்லை. தாத்தா வண்டியைத் திருப்பிக்கொண்டு பேத்தி வீட்டுக்குப் போனாரா, இல்லையா? வருடக்கணக்காக இதையே கேட்டுக்கொண்டு இருந்தார்கள்.

2025 மே மாதம் கரோல் ஆன் போர்டு மறுபடியும் சூசனாகத் தோன்றினார். அவருக்கு 84 வயது. டாக்டராக இருந்தவரோ பேரன் வயது நடிகர். டாக்டரின் மனக்கண்ணில் சில நொடிகள் தெரிந்த சூசன், தாத்தா என்று கூப்பிட்டு, தன்னைக் கண்டுபிடிக்கும்படி சொல்லிவிட்டு மறைந்தாள்.